மூன்று பக்க வேப்பிலை

பள்ளியின் கடைசி வகுப்பான ஃபார்ம் சிக்ஸை முடித்துவிட்டு, பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வருமா வராதா என்று காத்திருந்த மாதங்களில் சிரம்பானில் லோபாக் பகுதியில் ஒரு கணினிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. லாபு பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்தால், சீன முதலாளியான தவுக்கே கடைக்கதவை மேலே தள்ளும் நேரத்துக்குச் சரியாகப் போய் நிற்கலாம். அவர் என்னை வேலைக்கு எடுத்ததற்கு ஒரே காரணம், நான் கையேடுகளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பேன் என்பதுதான். அந்தக் கடையில் வேறு யாரும் படிக்க மாட்டார்கள், தவுக்கேயும் சேர்த்து.

கடைக்கு மாதாமாதம் ஓர் ஆங்கிலக் கணினி இதழ் வரும். அதில் வரப்போகும் மென்பொருள்களைப் பற்றி ஒரு பக்கம் இருக்கும்: இது இந்த மாதம், அது அடுத்த மாதம், இன்னொன்று ஆண்டு இறுதிக்குள். தேதி போட்டிருக்கும். நான் அதை ரயில் நேர அட்டவணை மாதிரி நம்பினேன். ஒரு பள்ளிக்கூட நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைப்பேன். வராவிட்டால் அடித்துவிட்டுப் புதிய தேதியை மேலே எழுதுவேன். சில மாதங்களில் அந்த நோட்டில் எழுதியதைவிட அடித்தது அதிகமாகிவிட்டது. அப்படியும் எனக்கு உறைக்கவில்லை. தாமதமாவதெல்லாம் வெள்ளைக்காரர்களின் பெரிய பெரிய மென்பொருள்கள்தான், நம் ஆட்கள் சொன்னால் சொன்னதுதான் என்று எனக்குள் ஒரு நினைப்பு.

தீபாவளிக்கு வந்த தமிழ்ப் பத்திரிகையில்தான் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். கோலாலம்பூரில் நம் இளைஞர்கள் மூன்று பேர் சேர்ந்து தமிழில் பத்திரிகை, அழைப்பிதழ் எல்லாம் அச்சிட ஒரு மென்பொருள் செய்கிறார்களாம். இரண்டு பத்தி, மூன்று பத்தி பிரிக்கலாம், எழுத்தைப் பெரிதாக்கலாம், ஓரத்தில் பூவேலை போடலாம். கீழே கொட்டை எழுத்தில், 'பொங்கலுக்கு உங்கள் கைகளில்.' அதற்கு முன்பும் தமிழ் எழுத்துக்கு ஒன்றிரண்டு வந்திருந்தன. ஆனால் எங்கள் கடையின் பழைய கணினியில் அவை ஓடவில்லை. இது ஓடும் என்று போட்டிருந்தது. அன்றைக்கு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் அந்த விளம்பரத்தை மூன்று தடவை வாசித்துக் காட்டினேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேனே, பார்த்தாயா?

எங்கள் தோட்டத்து அம்மன் கோயிலுக்குச் சித்திரையில் திருவிழா. அப்பா தோட்டத்தில் மண்டோர், அதாவது கங்காணி; கோயில் கமிட்டியில் செயலாளர். திருவிழாப் பத்திரிகையை அவர்தான் தயார் செய்வார். எந்த நாள் மாலைப் பூசை எந்தக் குடும்பத்து உபயம், யார் பொங்கல், யார் அன்னதானம், யார் வீட்டிலிருந்து கரகம் என்று எல்லாம் அதில் இருக்கும். தோட்டத்தில் இருப்பவர்களுக்கு அது தேவையே இல்லை, வாயால் சொன்னால் போதும். ஆனால் பாதிப் பேர் இப்போது வெளியே. சிரம்பானில், சினாவாங் தொழிற்சாலைகளில், பகாவில், கோலாலம்பூரில். தங்கள் வீட்டு உபயம் எந்த நாள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்றால் பத்திரிகை கைக்குப் போக வேண்டும். பங்குனி பாதிக்குள் போனால்தான் லீவு எடுக்க முடியும். அது போகவில்லை என்றால் ஒரு குடும்பத்தின் மாலைப் பூசை ஆளில்லாமல் போகும். அப்படி ஒரு தடவை நடந்து, அந்தக் குடும்பம் இரண்டு வருடம் கோயில் பக்கமே வரவில்லை.

பத்திரிகையை எப்போதும் சிரம்பானில் ஓர் அச்சகத்தில்தான் அடிப்பார்கள். பொங்கலுக்கு முன்பே அப்பா பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும். அதற்குப் பிறகு கல்யாணப் பத்திரிகை வேலை வந்து குவிந்துவிடும். ஒரு தடவை எழுத்துக் கோத்துவிட்டால் ஒரு பெயரைக்கூட மாற்ற மாட்டார்கள்.

கார்த்திகையில் நடந்த கமிட்டிக் கூட்டத்துக்கு நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை. தேநீர் கொடுக்கும் சாக்கில் நின்றுகொண்டு, இந்த வருடம் கணினியிலேயே தமிழில் அடிக்கலாம், பொங்கலுக்கு டிஸ்க் வந்துவிடும், கடைசி நிமிடம் வரை எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். கடைசியில் சொன்னதுதான் நான் செய்த தப்பு, அது அப்போது தெரியவில்லை.

கோயில் தலைவர் தோட்டத்து லாரி ஓட்டுநர். எதையும் ஒரு தடவை இடித்துப் பார்ப்பவர்.

"பொங்கலுக்கு வரும்னு யாரு சொன்னா?"

"பேப்பர்ல போட்டிருக்குங்க மாமா."

"லயத்துக்குக் கரண்டு வரும்னுகூட பேப்பர்ல போட்டான். நான் கல்யாணம் கட்டுறப்ப போட்டது. என் மகளுக்குக் கல்யாணம் ஆயிருச்சு, இப்பதான் கம்பம் நட்டிருக்கான்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. எழுந்து நின்று, என் மகள் படித்த பிள்ளை, தெரியாமல் சொல்லமாட்டாள், அச்சகத்துக்கு இந்த வருடம் வேண்டாம் என்று நானே சொல்லிவிடுகிறேன் என்றார். பத்திரிகை நேரத்துக்கு வராவிட்டால் செயலாளர் நோட்டுப் புத்தகத்தைத் தலைவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன் என்றும் சொன்னார். பதினோரு வருடமாக அவர் கையில் இருந்த புத்தகம் அது. கூட்டத்தில் சொன்ன சொல்லை அப்பா திரும்ப எடுக்கிறவர் இல்லை. மறுநாளே சிரம்பானுக்குப் போய் அச்சகத்தில் சொல்லிவிட்டு வந்தார்.

பொங்கல் வந்தது. டிஸ்க் வரவில்லை.

விளம்பரத்தில் இருந்த எண்ணுக்குக் கடையிலிருந்து போன் செய்தேன். ஓர் இளைஞர் பேசினார், நல்ல மரியாதையான குரல். கொஞ்சம் தாமதம், சீனப் புத்தாண்டு முடிந்ததும் நிச்சயம் என்றார். நான் நோட்டில் அடித்து எழுதினேன். அடுத்த வெள்ளிக்கிழமை பூசையில் தலைவர் விபூதித் தட்டைத் தாண்டி என்னிடம் வந்தார்.

"என்ன பாப்பா, டிஸ்கு பொறந்துச்சா?"

சீனப் புத்தாண்டு முடிந்து, ஆரஞ்சுப் பெட்டிகள் எல்லாம் கடையிலிருந்து காலியாகி, தவுக்கே முகமும் பழையபடி ஆனது. டிஸ்க் வரவில்லை. மாசி மகத்துக்கு உறுதி என்றார் போன்காரர். தலைவருக்கு அதுவும் எப்படியோ தெரிந்துவிட்டது.

"இன்னும் வயித்துலதான் இருக்கா? பத்து மாசம் தாண்டிச்சின்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவணும்லா."

இதற்கிடையில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. கடைசி நிமிடம் வரை மாற்றலாம் என்று நான் சொன்னேன் இல்லையா, அது தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாகப் பரவிவிட்டது. முன்பெல்லாம் அச்சகத்துக்குப் பயந்து மார்கழியிலேயே முடிந்துவிடும் பட்டியல், மாசி வந்தும் முடியவில்லை. அப்பா பாலுக்காக ரப்பர் மரம் வெட்டுபவர்களைப் பார்க்கப் போனால், அங்கே பால்வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒருவர் மூன்றாம் நாளை ஐந்தாம் நாளாக மாற்றச் சொல்வார். எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைப் பக்கம் போனால் அங்கே ஒருவர் மச்சான் பெயரையும் சேர்க்கச் சொல்வார். அப்பா 'இந்த ஞாயிற்றுக்கிழமையோடு சரி' என்பார். ஞாயிற்றுக்கிழமை போகும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரும். தலைவரும் சும்மா இருக்கவில்லை. கணினியில் பூவேலை போட முடியும் என்றால் அம்மன் பத்திரிகைக்கு நான்கு பக்கமும் வேப்பிலை ஓரம் வேண்டும் என்றார். அவ்வளவுதானே என்றேன். மறுநாளே கோலாலம்பூருக்குப் போன் போட்டு, உங்கள் ஓர வேலைகளில் வேப்பிலை இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, செய்து தருகிறோம் என்றார்கள். அடுத்த போனில் சூலம் கேட்டேன். அதற்கு அடுத்த போனில், உபயக்காரர் பெயர் நடுவில் வந்து அதற்குக் கீழே ஊர் பெயர் சின்னதாக வர வேண்டும், முடியுமா என்று கேட்டேன். அதற்குப் பிறகும் இரண்டு கேட்டேன். எல்லாவற்றுக்கும் முடியும் என்றார்கள். எனக்கு அந்த ஆட்களை ரொம்பப் பிடித்துப்போனது.

மாசி மகமும் போனது.

ஒரு சாயந்திரம் அப்பா வேலையிலிருந்து வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல், செயலாளர் புத்தகத்தை எடுத்து அட்டை போட்டுக்கொண்டிருந்தார். பழைய அட்டை கிழிந்திருந்தது. கொடுக்கிறதென்றால் நன்றாகக் கொடுக்க வேண்டும் அல்லவா, அதற்குத்தான். சனிக்கிழமை தவுக்கேயிடம் லீவு கேட்டுக்கொண்டு, சிரம்பானில் கோலாலம்பூர் பஸ் ஏறினேன். பெரிய அலுவலகமாக இருக்கும், மேலாளரைக் கேட்க வேண்டும், கோபமாகப் பேச வேண்டும் என்று வழியெல்லாம் வசனம் தயார் செய்தேன்.

பூமாலைக் கடை ஒன்றின் மேல்மாடியில் ஒரே ஓர் அறை. மூன்று பேர், இரண்டு கணினி, அதில் ஒன்று திறந்த வயிற்றோடு கிடந்தது. தரையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத் தாள்கள். போனில் பேசுகிறவர் என்னைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவராக இருப்பார். நான் யார் என்று சொன்னதும் முகம் மலர்ந்துபோய், "லாபு வேப்பிலையா? வாங்க, வாங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் சுவரைக் காட்டினார். பெரிய மஞ்சள் தாளில் ஊர் ஊராக ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. பகாவ் என்று போட்டு யானை. கிள்ளான் என்று போட்டு இரட்டை வாழை மரம். இன்னும் எத்தனையோ ஊர்கள், எல்லாவற்றுக்கும் ஒன்று அல்லது இரண்டு. லாபுவுக்கு நேராக மட்டும் ஐந்து வரி. எல்லாம் நான் கேட்டவை.

"அந்த வேப்பிலைக்கே ஒன்பது நாள் போச்சு தங்கச்சி. எல பக்கத்துல எல வந்தா மெஷின் நின்னுடுது."

நான் தயார் செய்து வைத்திருந்த வசனம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. செய்ய முடியாது என்று என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று மெதுவாகக் கேட்டேன். கேட்டு வருகிறவர்களிடம் எப்படி இல்லை என்பது என்றார். அப்படியானால் தேதியாவது சொல்லாமல் இருந்திருக்கலாமே என்றேன். அதற்கு மற்ற இருவரும் சிரித்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் சொன்னார்:

"தேதி போட்டாத்தான் நாங்க உக்காருவோம். போடலன்னா இந்த வருசம் பூரா சுவத்துல எழுதிக்கிட்டே இருப்போம்."

இதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எங்கள் கமிட்டிக் கூட்டத்துக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. இந்த ஞாயிற்றுக்கிழமையோடு சரி என்று அப்பா சொன்னதும் இவர்கள் சொன்ன மாசி மகமும் ஒரே ரகம்தான். இரண்டையும் தள்ளிப்போட்டதில் என் பங்கும் இருந்தது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து, அப்பாவின் நோட்டுப் புத்தகக் கதையைச் சொன்னேன். சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

கடைசியில் என் கையில் ஒரு டிஸ்க்கைக் கொடுத்தார்கள். வேலை இன்னும் முழுதாக முடியாத டிஸ்க். பத்தி பிரிக்கும், எழுத்துப் பெரிதாகும், சூலம் உண்டு. வேப்பிலை மேலேயும் இரண்டு பக்கவாட்டிலும் வரும். கீழே போட்டால் நின்றுவிடும், அதனால் அதை எடுத்துவிட்டிருந்தார்கள். முக்கியமான விஷயத்தைக் கடைசியாகச் சொன்னார் போன்காரர். சேமித்து வைக்கும் வசதி இன்னும் வரவில்லை. ஒரே உட்காரலில் தட்டி முடித்து, அப்போதே அச்செடுத்துவிட வேண்டும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தவுக்கே கடைச் சாவியைக் கொடுத்தார். கொடுக்கும்போதே, தண்ணீர் காய்ச்சும் கெட்டிலைச் சொருகினால் கடை முழுக்க விளக்கு அணைந்துவிடும், மறந்துவிடாதே என்றார். எனக்கு அது தெரியும். இருந்தாலும் அப்பா போய்க் கெட்டிலைப் பிளக்கிலிருந்து எடுத்து, ஒயரைச் சுற்றித் தன் நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அவர் பட்டியலை வாசிக்க வாசிக்க நான் தட்டினேன். காலையில் வேலைக்கு முன் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுக்கிற அதே குரல், ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவில் அதே இடைவெளி. முதல் நாள், இரண்டாம் நாள். நான் பழகாத விசைப்பலகையில் எழுத்தைத் தேடும்போது நிறுத்திக் காத்திருந்தார். வெளியே ஒரு லாரி போனாலும் நான் விளக்கைப் பார்த்தேன். நான்காம் நாளில் ஒரு தடவை விளக்கு மங்கித் திரும்பியது. திரையில் எழுத்துகள் அப்படியே இருந்தன. அப்பா தன் விரலை விட்ட இடத்தில் வைத்தபடி, "ம், படிக்கட்டா?" என்றார்.

ஏழாம் நாளுக்கு வந்தபோது போன் அடித்தது. தோட்டத்து ஆபீசிலிருந்து தலைவர். நான் எடுத்ததும், நல்ல வேளை இன்னும் முடியவில்லை, தன் தம்பி குடும்பத்தின் உபயத்தை இரண்டாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்கு மாற்ற வேண்டும், ஆறாம் நாள்காரரிடம் இன்னும் பேசவில்லை, பேசிக்கொள்ளலாம் என்றார். கடைசி நிமிடம் வரை மாற்றலாம் என்று நீதானே சொன்னாய் என்றும் ஞாபகப்படுத்தினார். என் வாய் 'சரிங்க மாமா' என்று சொல்வதற்குத் திறந்துவிட்டது. கேட்டு வருகிறவர்களிடம் எப்படி இல்லை என்பது? அப்பா கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"தலைவரே, பட்டியல் முடிஞ்சிருச்சு."

அந்தப் பக்கம் ஏதோ நீளமாகப் பேசினார்கள்.

"ஆமா, கம்ப்யூட்டர்ல மாத்தலாம். நான் மாத்தமாட்டேன். எல்லாருக்கும் இன்னையோட முடிஞ்சிருச்சு, உங்களுக்கும் சேத்துத்தான்."

போனை வைத்துவிட்டு, ஏழாம் நாளை மறுபடி முதல் பெயரிலிருந்து வாசித்தார். கார்த்திகையிலிருந்து எங்கள் பக்கத்திலும் கோலாலம்பூர் பக்கத்திலும் சொல்லப்பட்ட தேதிகளில், சொன்னபடி நின்றது அந்த 'இன்னையோட' ஒன்றுதான்.

அச்சு இயந்திரம் கிர்கிர் என்று வரி வரியாக இறக்கியது. அம்மன் பெயர், சூலம், பத்து நாள், அத்தனை பேரும் அவரவர் இடத்தில். மூன்று பக்கமும் வேப்பிலை நெருக்கமாக, அழகாக வந்திருந்தது. நான்காவது பக்கம் வெறும் தாள். வீட்டுக்கு வந்து, கறுப்புப் பேனாவால் நானே கீழ்ப்பக்கத்துக்கு இலை வரைந்து பார்த்தேன், வேறு ஒரு தாளில்தான். அம்மா எட்டிப் பார்த்து, கம்பளிப்பூச்சி எதற்கு என்று கேட்டார். அதோடு விட்டுவிட்டேன். அப்பாவும் இருப்பதை இருக்கிற மாதிரியே போடுவோம் என்றார். திங்கட்கிழமை லோபாக்கிலேயே வேண்டிய அளவு நகல் எடுத்தோம்.

பத்திரிகையை முதலில் அம்மன் காலடியில் வைத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தொட்டு, பிறகு தட்டில் வைத்து வீடு வீடாகக் கொடுக்க வேண்டும். எங்கள் கோயிலில் முதல் பத்திரிகை தலைவர் வீட்டுக்குப் போவது வழக்கம். அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, மஞ்சள் தண்ணீர்க் கிண்ணமும் வைத்த தட்டைப் பிடித்தார். அட்டை போட்ட அந்தப் புத்தகத்தையும் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பங்குனி பாதி ஆவதற்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. நேரத்துக்குத்தான் வந்திருக்கிறோம், ஆனாலும் முழுதாக வரவில்லை. சொன்ன சொல் நின்றதா இல்லையா என்பதைத் தலைவர்தான் சொல்ல வேண்டும் என்று அப்பா நினைத்திருப்பார்.

தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, லாரிக்குச் சாமான் ஏற்றும்போது பார்க்கிற மாதிரி மேலிருந்து கீழாகப் பார்த்தார். இரண்டாம் நாளில் தம்பி பெயரைப் பார்த்து ஒரு கணம் நின்றார். கீழே வந்தார். தட்டிலிருந்த தாளை லேசாகத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"அடியில வேப்பிலை எங்கண்ணே?"

"இன்னும் வரல," என்றார் அப்பா. கக்கத்திலிருந்த புத்தகத்தைக் கைக்கு எடுத்தார். "நீங்க நாலு பக்கம் கேட்டீங்க. மூணுதான் இருக்கு."

தலைவர் புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே திரும்பி, தேநீர் போடச் சொல்லிக் குரல் கொடுத்தார். பிறகு பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பேரு எல்லாம் சரியா இருக்கு. தேதி சரியா இருக்கு. சாமிக்கு எல மூணு பக்கம் போதும்லா. அந்தப் புத்தகத்த உள்ள வைங்கண்ணே, தட்டுல மஞ்சத்தண்ணி சிந்துது."

அப்பா புத்தகத்தை மறுபடி கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தேநீர் வந்தது, சுடச்சுட, பால் தூக்கலாக. தலைவரின் மனைவி பத்திரிகையை வாங்கிப் பார்த்து, எழுத்து அச்சகத்து எழுத்தைவிடப் பெரிதாக இருக்கிறது, கண்ணாடி இல்லாமலே படிக்க முடிகிறது என்றார். நான் உடனே எழுத்தை இன்னும் எவ்வளவு பெரிதாக்கலாம் என்று சொல்லத் தொடங்கினேன். அப்பா என் காலை லேசாக மிதித்தார். குவளையை வைத்துவிட்டு இறங்கினோம். அந்த லயத்தில் இன்னும் பதினோரு வீடு இருந்தது.